மார்கழியில எட்டுப் பேரோட எங்கட எழுத்து: கந்தர்மடத்து நாற்சார் வீடு பற்றி ஒரு றிவியூ

போன கார்த்திகை மாசம் முழுக்க இரவிரவா போனில தேடினனான், யாழ்ப்பாணத்தில சின்னனா ஒரு எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, வைக்கிறதெண்டா எங்க வைக்கலாம் எண்டு. ஒண்டும் அம்பிடேல்ல. ஐஞ்சூறு பேருக்குச் சாப்பாடு, மணவறை, ட்ரோன் கமெரா, டிஜே எண்டு எல்லாத்துக்கும் றிவியூ கிடக்கு, எட்டுப் பேரோட கலியாணம் செய்த ஆக்கள் ஒருத்தரும் ஒரு வரி கூட எழுதி வைக்கேல்ல. அதால தான் இதை எழுதுறன், என்னை மாதிரி ஆரும் இரவில தேடிக்கொண்டு இருந்தா அவைக்கு உதவும்.

வீட்டின்ர பேர் இஞ்ச போடேல்ல. வீட்டுக்கார அன்ரியும் அங்கிளும் போட வேண்டாம் எண்டு சொன்னவை, ரெண்டு பேருக்கும் வயசு போட்டுது, ஒரு நேரத்தில ஒரு குடும்பத்தை மட்டும் தான் எடுக்கினம், கனபேர் போன் எடுத்தா தங்களால சமாளிக்க ஏலாதாம். பலாலி வீதியால திருநெல்வேலிப் பக்கம் போகேக்க கந்தர்மடத்தில உள்ளுக்கு இறங்கிற ஒரு ஒழுங்கைக்குள்ள இருக்கு, அந்தப் பக்கத்து ஆக்களிட்ட "அறை குடுக்கிற நாற்சார் வீடு" எண்டு கேட்டாக் காட்டுவினம்.

முதல் எங்கட நிலைமையைச் சொல்லோணும், இல்லாட்டி இந்த வீடு எங்களுக்கு ஏன் இவ்வளவு பெரிய விசயம் எண்டு விளங்காது. எனக்கு ஊர் வடமராட்சி, வேலை யாழ்ப்பாண ரவுனில, அறை எடுத்து இருக்கிறன். நான் கட்டின இவர் மட்டக்களப்பு, கிறிஸ்தவ ஆக்கள். ரெண்டு வருசமா வீட்டில கதைச்சுக் கதைச்சுக் களைச்சுப் போய், கடைசியா தை பிறந்த உடன வேற இடத்தில எனக்கு எழுத்து வைக்கிறதெண்டு அப்பா நாளும் பாத்திட்டார். அப்ப தைக்கு முதல் எங்களுக்கு இருந்தது மார்கழி மட்டும் தான். ஊரில ஒருத்தரும் மார்கழியில நல்ல காரியம் வைக்கிறேல்ல எண்டு எல்லாருக்கும் தெரியும். அதனால மண்டபம் எல்லாம் சும்மா கிடக்கும், லேசாக் கிடைக்கும் எண்டு நினைச்சம்.

கிடைக்கேல்ல. ரவுனுக்குள்ள ஒரு மண்டபத்தில குறைஞ்சது 150 பேருக்குச் சாப்பாடு எடுத்தாத் தான் தருவினமாம். இன்னொரு இடத்தில ரிசப்ஷனில நிண்ட தம்பி எத்தினை பேர் எண்டு கேட்டிட்டு எட்டு எண்ட உடன என்னை ஒருக்கா மேல கீழ பாத்தார், அந்தப் பார்வை எனக்கு இப்பவும் மறக்கேல்ல. போட்டோவுக்கு அட்வான்ஸ் குடுத்து புக் பண்ணின ஆளும் ரெண்டு நாளைக்கு முதல் வட்ஸ்அப்பில "வேற பெரிய ஓர்டர் வந்திட்டுது அக்கா" எண்டு மெசேஜ் போட்டிட்டு விட்டிட்டார், காசு திருப்பித் தர ஒரு மாசம் எடுத்தது. சின்னக் கலியாணம் எண்டா அதுக்கு மதிப்பும் சின்னன் எண்டு தான் எல்லா இடமும் எங்களை நடத்திச்சினம்.

இந்த வீட்டைக் காட்டினது என்ர ஒபிஸ் அக்கா. போன் எடுத்தா அன்ரி கேட்ட முதல் கேள்வி எத்தினை பேர் எண்டு இல்லை. "பிள்ளை, ஆர் ஆர் வருகினம்?" எண்டு தான் கேட்டா. நான் ஒவ்வொருத்தராச் சொல்லச் சொல்ல அவா ஒரு கொப்பியில எழுதினவா எண்டு பேந்து தான் தெரிஞ்சுது. அவரின்ர அம்மா, அவரின்ர அண்ணா, அவரின்ர கூட்டாளி ஒராள், என்ர தம்பி, ஒபிஸ் அக்கா, லோயரா இருக்கிற என்ர சிநேகிதி, நாங்கள் ரெண்டு பேர். "உங்கட அம்மா?" எண்டு கேட்டா. வரமாட்டா அன்ரி எண்டன். சரி எண்டா, அதுக்கு மேல ஒண்டும் கேட்கேல்ல.

வீடு பழைய காலத்து நாற்சார். நடுவில வானம் தெரியிற முற்றம், சுத்தி நாலு பக்கமும் தாழ்வாரம், மரத்தூண், பீலி வைச்ச ஓட்டுக்கூரை. நாலு அறை இருக்கு, எல்லாம் முற்றத்தைப் பாத்த கதவு. சிமெந்து நிலம், சிவப்புப் பொலிஷ், காலுக்குக் குளிரும். மார்கழியில இதின்ர வடிவு மழைக்குள்ள தான் தெரியும். நாலு பக்கக் கூரையாலயும் தண்ணி பீலி வழியா வந்து மூலையில வைச்ச பித்தளைக் கிடாரத்துக்குள்ள விழும், நாங்கள் தாழ்வாரத்தில நனையாமல் இருந்து பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு பாத்தம். விடியப்புற 4 மணிக்கு எங்கயோ ஒழுங்கையால சங்கும் சேமக்கலமும் போற சத்தம் கேட்டது. சின்னனில அம்மாவோட போர்வைக்குள்ள படுத்துக்கொண்டு கேட்ட அதே சத்தம். அண்டைக்கு அதைக் கேட்டுக்கொண்டு கனநேரம் அழுதனான்.

இனி பேப்பர் வேலை, ஏனெண்டா கனபேருக்கு இது தான் பயம். இலங்கையில பொதுவான கலியாணப் பதிவு 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி தான் நடக்குது, ரெண்டு பேருக்கும் 18 வயசு முடிஞ்சிருக்கோணும், சமயம் வேறயா இருந்தாலும் பிரச்சினை இல்லை. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொண்டு போய் நீங்கள் இருக்கிற பிரிவுப் பதிவாளரிட்ட அறிவித்தல் குடுக்கோணும், அது ஒட்டிக் குறிச்ச நாள் போகோணும், பேந்து மூண்டு மாசத்துக்குள்ள எழுதலாம். அவசரம் எண்டா விசேட அனுமதிப் பத்திரம் எடுத்து அந்த நாள் போகுமட்டும் நிக்காமலே எழுதலாம், நாங்கள் அதைத் தான் எடுத்தம், ஏனெண்டா அறிவித்தல் எல்லாரும் பாக்கிற மாதிரி ஒட்டுவினம், யாழ்ப்பாணத்தில ஒரு பேப்பர் ஒட்டினா அது வடமராட்சிக்குப் போக ஒரு நாள் காணும். பதிவாளரை கந்தோருக்கு வெளியில, வீட்டுக்குக் கூப்பிட்டு எழுதுறதெண்டா அதுக்கும் அனுமதி எடுக்கோணும். இந்த ஓட்டம் எல்லாத்துக்கும் அங்கிள் எங்களோட ஓட்டோவில வந்தவர். எந்த யன்னல், எந்தப் படிவம், எத்தினை மணிக்குச் சனம் குறைவு எண்டு அவருக்குத் தெரியும், முந்தி அரசாங்க உத்தியோகம். இதுக்கு ஒரு சதம் வாங்கேல்ல, ஓட்டோக் காசு மட்டும் நாங்கள் குடுத்தம்.

சாட்சி ரெண்டு பேர் வேணும். எங்களுக்கு லோயர் சிநேகிதியும் அவரின்ர அண்ணாவும். அந்தச் சிநேகிதி முதல் நாள் இரவு தாழ்வாரத்தில இருந்து எனக்கு ஒரு விசயம் சொன்னவா, அதை இஞ்ச எழுதோணும் எண்டு நினைக்கிறன், ஏனெண்டா எங்கட பக்கத்துப் பிள்ளையள் இதைத் தெரியாமல் தான் கையெழுத்து வைக்கினம். வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமைச் சட்டம் இருக்கு, ஒல்லாந்தர் 1707இல எழுத்தில கொண்டு வந்தது, பேந்து 1911இல ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதின்படி கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர பேரில இருக்கிற காணி வீட்டை விக்கிறதெண்டா புருசன்ர எழுத்து மூலச் சம்மதம் வேணும். ஆனா தேசவழமை பொருந்தாத ஒருத்தரைக் கட்டினா அந்தக் கலியாணம் இருக்குமட்டும் அவாவுக்கும் அது பொருந்தாது. நான் மட்டக்களப்பாரைக் கட்டுறபடியா என்ர அம்மம்மா என்ர பேரில எழுதின ரெண்டு பரப்புக் காணிக்கு நான் தான் முடிவெடுக்கலாம். இவரும் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டு தான் இருந்தவர், "அது உம்மட அம்மம்மான்ர காணி, அது அப்பிடித் தானே இருக்கோணும்" எண்டார்.

எழுத்து காலமை 10 மணிக்கு. ஏழு மணிக்கு அன்ரி என்ர அறைக் கதவைத் தட்டினா. கையில சீப்பு, எண்ணைப் போத்தில், ஒரு தட்டில பூ. மார்கழிப் பனிக்கு மல்லிகை கிடைக்கிறது கஸ்டம், கனகாம்பரமும் மஞ்சள் செவ்வந்தியும் தான் கிடைச்சதாம், இரவே வாழைநாரில கட்டி ஈரத்துணிக்குள்ள சுத்தி வைச்சிருந்தவா. என்னைப் பலகைக் கட்டிலில இருத்திப் பின்னால நிண்டு தலை இழுத்து விட்டா. சிக்கு எடுக்கேக்க மயிரின்ர அடியை ஒரு கையால இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால இழுக்கிறது, நோகாமல், அம்மா செய்யிற மாதிரியே. ஒண்டும் கதைக்கேல்ல. பின்னி முடிச்சுப் பூ வைச்சுப் போட்டு முன்னுக்கு வந்து பாத்திட்டு, "வடிவா இருக்கிறாய் பிள்ளை" எண்டா. இந்த வேலைக்கு பில்லில ஒரு கணக்கும் இருக்கேல்ல. எந்தப் பெரிய மண்டபத்திலயும் இதைக் காசு குடுத்து வாங்க ஏலாது.

பதிவாளர் ஒம்பதரைக்கே வந்திட்டார். முற்றத்தின்ர கிழக்குத் தாழ்வாரத்தில ஒரு மேசை, வெள்ளை விரிப்பு, பேனை ரெண்டு, எட்டுக் கதிரை. நான் முதல் நாளே அன்ரியிட்டச் சொல்லி வைச்சிருந்தனான், முன்கதவைப் பூட்டி வைச்சிடுங்கோ, ஆரும் சொந்தக்காரர் ஒழுங்கையால போய்க் கண்டாப் பிரச்சினை எண்டு. பதிவாளர் இருந்து புத்தகத்தை விரிச்சிட்டு நிமிர்ந்து, "முன்கதவைத் திறந்து விடுங்கோ, கதவைப் பூட்டி வைச்சு எழுதுறதில்லை" எண்டார். எனக்கு வயித்துக்குள்ள ஏதோ பிரட்டிச்சுது. இவர் என்ர கையைப் பிடிச்சார். அன்ரி எழும்பிப் போய் அந்த ரெட்டைக் கதவின்ர ரெண்டு பக்கத்தையும் சுவரோட முட்டத் திறந்து விட்டா. பேந்து உள்ளுக்குப் போய் நிறைகுடம் தூக்கிக்கொண்டு வந்தா, தேங்காய், மாவிலை எல்லாம் வைச்சு ரெடியா, அதை வாசலில ஒழுங்கையைப் பாத்தபடி வைச்சிட்டு ரெண்டு பக்கமும் குத்துவிளக்குக் கொளுத்தினா. மழைத் தூத்தலுக்கு ஒரு விளக்கு ரெண்டு தரம் நூந்தது, மூண்டாந்தரம் அங்கிள் குடையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கக் கொளுத்தினா. ஒழுங்கையால சைக்கிளில போன ஒரு ஐயா நிப்பாட்டி உள்ளுக்கு எட்டிப் பாத்தார். எனக்கு நெஞ்சு அடிச்சுது. அவர் நிறைகுடத்தைப் பாத்தார், எங்களைப் பாத்தார், தலையை ஆட்டிச் சிரிச்சிட்டுப் போட்டார். மார்கழியில கலியாண வீடு எண்டு அவர் நினைச்சிருப்பார். கலியாண வீடு தானே. நான் அதுவரைக்கும் எங்கட எழுத்தை ஒளிச்சுச் செய்யிற ஒரு காரியமாத் தான் மனசுக்குள்ள வைச்சிருந்தனான், அந்த நிமிசத்தில இருந்து அப்பிடி நினைக்கேல்ல.

பதிவாளர் எங்களை எழுப்பி நிக்க வைச்சு ஆறுதலாச் சொன்னார், தனக்கு முன்னால ஒருத்தரை ஒருத்தர் கணவன் மனைவியா ஏற்று இந்தப் புத்தகத்தில கையெழுத்து வைச்சா, வேற எந்தச் சடங்கும் நடக்காட்டிலும் நீங்கள் சட்டப்படி கலியாணம் கட்டின ஆக்கள், நீதிமன்றத்தின்ர விவாகரத்துத் தீர்ப்பு இல்லாமல் இது முறியாது, இது இருக்கேக்க இன்னொரு கலியாணம் கட்டினாக் குற்றம். கேட்க வெறும் சட்டம் மாதிரி இருந்தாலும் அந்த "வேற எந்தச் சடங்கும் நடக்காட்டிலும்" எண்ட இடத்தில தான் மாமி கண்ணைத் துடைச்சவா. சேர்ச்சும் இல்லை கோயிலும் இல்லை எண்டு மட்டக்களப்பில இருந்து பஸ்ஸில வந்த வழி முழுக்க அவாவுக்குக் கவலையாம். மோதிரம் மாத்தினம், மாலை மாத்தினம். தாலி கட்டுறதோ எண்டு அன்ரி முதலே ஒருக்காக் கேட்டவா, மோதிரம் மட்டும் தான் எண்டு சொன்னம், பேந்து அந்தக் கதையே எடுக்கேல்ல. முழுக்க முடிய அரை மணித்தியாலம் தான்.

போட்டோக்காரர் கைவிட்டதெண்டு சொன்னன் தானே, அன்ரி முன்வீட்டுப் பெடியனைக் கூப்பிட்டு விட்டா, கம்பஸில படிக்கிற பிள்ளை, நல்ல கமெரா வைச்சிருக்கிறார். எழுத்து முடிய மழை ஒரு மணித்தியாலம் விட்டது, ஓட்டோவில கோட்டைக்குப் போய் எடுத்தம். அந்த முருகைக்கல் மதில் நனைஞ்சு கறுப்பா இருந்தது, அதில என்ர கடுகு நிறச் சீலை நல்லா எடுத்துக் காட்டிச்சுது. பேந்து பண்ணைப் பாலம். வாடைக்காத்து அள்ளி அடிக்குது, சீலைத் தலைப்பை இவர் பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஒரு படம் இருக்கு, அது தான் இப்ப எங்கட வீட்டுச் சுவரில கிடக்கு. மார்கழியில பண்ணையில படம் எடுக்கப் போற ஆக்கள் தலைக்கு நிறைய கிளிப் குத்திக்கொண்டு போங்கோ.

சாப்பாடு. மத்தியானம் மரக்கறி, வாழையிலையில. கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, பூசணிக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பச்சடி, அப்பளம், மோர்மிளகாய், கடைசியில பாயாசம். பதிவாளரும் போட்டோப் பெடியனும் சேர்ந்து பத்து இலை. கத்தரிக்காய்க் குழம்பு எனக்கு உப்பு கொஞ்சம் கூடத் தான். ஆனா இரவுச் சாப்பாட்டைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் காணாது. ஒடியல் கூழ், காஞ்ச பனங்கிழங்கு மாவில காய்ச்சிறது. மட்டக்களப்பு ஆக்கள் ஒருத்தரும் முதல் குடிச்சதில்லை எண்டு கேள்விப்பட்டு அன்ரி தானா முடிவெடுத்தது. பின்னேரமே அங்கிள் நண்டும் இறாலும் மீனும் வாங்கிக்கொண்டு வந்திட்டார். பெரிய பானையில பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, கடைசியா ஊற வைச்ச ஒடியல் மாவும் அரைச்ச செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைச்சு விட, வீடு முழுக்க அந்த வாசம். மழை கொட்டுது, கரண்ட் போட்டுது, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில தாழ்வாரத்தில வட்டமா இருந்து பிலா இலையைக் கோலி அள்ளிக் குடிச்சம். அவரின்ர அண்ணாவுக்கு உறைப்பில மூக்கால தண்ணி ஓடுது, ஆனா மூண்டு தரம் வாங்கினவர். மாமி என்ர தம்பிக்கு நண்டுக்காலை உடைச்சுக் குடுத்துக்கொண்டு இருந்தவா. ஊரில பொய் சொல்லிப்போட்டு வந்த பிள்ளை அவன், காலமை முழுக்க ஒருத்தரோடயும் கதைக்காமல் தூணோட சாய்ஞ்சு நிண்டவன்.

சரியில்லாத விசயங்களும் இருக்கு, அதையும் சொல்லோணும். குளியலறை ரெண்டு தான், ரெண்டும் பின்பக்கம், முற்றத்தைத் தாண்டிக் குசினிக்குப் பின்னால, மழை எண்டாக் குடையோட தான் போகோணும். சுடுதண்ணி பைப்பில வராது, கேட்டாக் கொதிக்க வைச்சு வாளியில தருவினம். வாசல்படி உயரம், முழங்கால் வருத்தக்காரருக்குக் கஸ்டம். ஒழுங்கைக்குள்ள வான் வராது. நுளம்பு சரியான மோசம், மார்கழி தை டெங்குக் காலம், வலை தருகினம் எண்டாலும் பகலில பூசுறதுக்கு ஏதும் கொண்டு போங்கோ. வைபை பேருக்குத் தான். எனக்கு உண்மையா மனவருத்தம் தந்தது ஒண்டு தான், பூவுக்கும் வாசல் அலங்காரத்துக்கும் 7,500 ரூபா எண்டு முதலே சொல்லேல்ல, கடைசி நாள் தான் சொன்னவை. காசு நியாயமான காசு தான், ஆனா எங்களை மாதிரி எண்ணி எண்ணிச் செலவழிக்கிற ஆக்களுக்கு முதலே தெரிஞ்சிருக்கோணும். நான் அதை அன்ரியிட்ட நேரயே சொன்னனான். அவா கோவிக்கேல்ல, அந்தக் கொப்பியில குறிச்சு வைச்சவா.

மொத்தக் கணக்கு: நாலு அறையும் ரெண்டு இரவுக்கு 52,000, மத்தியானச் சாப்பாடு பத்துப் பேருக்கு 18,000, கூழ் 8,000, பூ அலங்காரம் 7,500, எல்லாமா 85,500 ரூபா. முற்றத்துக்குத் தனிக் காசு இல்லை. பதிவுக் கட்டணமும் போட்டோவும் இதுக்குள்ள வராது.

இருபது பேருக்கு மேல எண்டா இந்த வீடு சரிவராது, தாழ்வாரம் காணாது. பாட்டுச் சத்தம் போட ஏலாது, குடிக்கவும் விடமாட்டினம். சித்திரை வெயிலுக்கு எப்பிடி இருக்குமோ தெரியாது, முற்றம் சுடும் எண்டு நினைக்கிறன், மார்கழிக்குத் தான் நான் உத்தரவாதம் தருவன். போன் எடுக்கிறதெண்டாப் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு எடுங்கோ, அன்ரிக்கு ஒரு காது கொஞ்சம் குறைவு, ஆறுதலாச் சத்தமாச் சொன்னா எல்லாம் எழுதி வைப்பா.

வாற மாசம் நாங்கள் திரும்பப் போறம், ஒரு இரவு தான், ரெண்டு அறை. இந்தமுறை ஆர் ஆர் வருகினம் எண்டு அன்ரி கேட்க, அம்மாவின்ர பேரையும் சொன்னன். ஒரு நிமிசம் போனில சத்தம் இல்லை. பேந்து, அம்மாக்கு முழங்கால் எப்பிடி, படி ஏறுவாவோ எண்டு கேட்டா.